விசுவாசமும் கிரியையும்: குரங்கணிச் சாரலில் நின்று ஓர் ஆராய்ச்சி

நமது கல்லூரியின் வேதபாட வகுப்புகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு. பெரும்பாலும் கிறிஸ்தவரல்லாத மாணவர்களே அதை எழுப்புகிறார்கள்; கிறிஸ்தவ மாணவர்களோ, விடை தமக்குத் தெரியும் என்றெண்ணி வாளாவிருக்கிறார்கள். நம்பினால் போதும், இரட்சிப்பு உண்டு என்கிறீர்களே. அங்ஙனமாயின் ஒருவன் நம்பிக்கொண்டே திருடலாமோ? நற்செயல் ஒன்றுமின்றி நம்பினவன் கரையேற, நம்பாமல் நன்மை செய்தவன் மூழ்குவானோ? என்பதே அவ்வினா. இதில் இரண்டு கிளைகள் உள. முன்னதற்கு விடை கூறுதல் எளிது. பின்னதோ அவ்வளவு எளிதன்று. அவ்விரண்டையும் ஒருங்கே ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குப் போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, ஏலமலையின் சரிவடியில் கிடக்கும் குரங்கணியை இடமாகக் கொள்வது சிலர்க்கு வியப்பாகலாம். மலைச்சாரலில் இளைப்பாறப் போகிறவர்கள் வேதசாஸ்திரத்தையும் உடன் தூக்கிச் செல்ல வேண்டுமோ என்று கேட்பாரும் உளர். ஆயினும் அவ்வூரின் பெயரிலேயே ஒரு வேதசாஸ்திர உவமை அடங்கிக் கிடக்கிறது. அவ்வூரின் மேலே தொங்கிய கம்பிவடம் ஒன்று பிரசங்கிகளுக்கு ஏற்ற பொருளாகும். அவ்வூரின் மேற்சரிவில் 2018-ம் ஆண்டு நேர்ந்த துயரமோ, வேதவாக்கியங்களை எவ்வாறு வியாக்கியானம் செய்யலாகாது என்பதை நமக்கு நன்கு காட்டுவது.

முதலில் பெயரைப்பற்றிய உவமையை எடுத்துக்கொள்வோம். ஊர்ப்பெயரின் மூலத்தை ஆராய்வது நமது நோக்கமன்று. குரங்கு என்னும் சொல் அதிலிருப்பது கண்கூடு. தென்னாட்டு வைணவர்கள் இரட்சிப்பைப்பற்றி வாதித்தபோது இரண்டு நியாயங்களைக் கூறினார்கள். வேதாந்த தேசிகரைத் தலைவராகக் கொண்ட வடகலையார் கூறுவது மர்க்கட நியாயம் எனப்படும். குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. அதுபோல் ஆன்மா தன் சரணாகதியாகிய சிறு பற்றுதலையேனும் செய்ய வேண்டும். அதனை ஒரு வியாஜமாகக் கொண்டு பகவான் கிருபை செய்வான் என்பது அதன் கருத்து. பிள்ளை லோகாசாரியரும் மணவாள மாமுனிகளும் போற்றப்படும் தென்கலையார் கூறுவது மார்ச்சார நியாயம். பூனை தன் குட்டியைத் தானே வாயில் கவ்விச் செல்கிறது. குட்டி யாதொன்றும் செய்வதில்லை. அதுபோல் கிருபைக்குக் காரணம் கிருபையேயன்றிப் பிறிதில்லை என்பர். நிர்ஹேதுக கிருபை என்று அதற்குப் பெயர். ஜெர்மானியப் பேராசிரியராகிய ருடால்ப் ஓட்டோ 1930-ம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இவ்வாதத்தை எடுத்துக்கூறி, இது மேனாட்டுத் திருச்சபையில் நிகழ்ந்த வாதத்தோடு வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கின்றது என்று காட்டினார். நமது நாட்டில் அதை ஏட்டளவில் அறியாமல் இரத்தத்தில் அறிந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-ம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து, 1858-ம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்று, 1894-ம் ஆண்டில் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்ட அப்பெரியார், கிருபை என்னும் சொல்லை மிஷனெரிமாரிடமிருந்து முதன்முதற் கேட்டவரல்லர்.

இனி, கிறிஸ்து மார்க்கம் போதிப்பது குரங்கு நியாயமோ, பூனை நியாயமோ? இதற்கு விரைந்து விடை கூறுவோர் உளர். புரோட்டஸ்டாண்டு போதகர் பலர் பூனையே என்பர். ஆனால் லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 15-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அதன் முற்பகுதியிலே காணாமற்போன ஆடு மேய்ப்பனுடைய தோளின்மேல் வருகிறது. அது தன் காலால் ஓரடியும் நடந்ததாகச் சொல்லப்படவில்லை. அதன் பிற்பகுதியிலே கெட்டுப்போன குமாரன் புத்தி தெளிந்து, எழுந்து, தன் சொந்தக் கால்களால் தகப்பன் வீட்டை நோக்கி நடக்கிறான். ஒரே ஆண்டவர் ஒரே கூட்டத்தாருக்கு ஒரே வேளையில் இரண்டு உவமைகளையும் கூறினார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் பவுல், உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்னும் கருத்தைச் சொல்லி வாய் மூடுமுன், அதற்கான விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்னும் கருத்தையும் சேர்க்கிறார். 3-ம் அதிகாரத்திலோ, கிறிஸ்து தம்மைப் பிடித்துக்கொண்டதனாலேயே தாமும் பிடித்துக்கொள்ளத் தொடர்வதாகக் கூறுகிறார். பிடிப்பதும் பிடிக்கப்படுவதும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன.

குரங்கணிச் சாரலில் குரங்குக் கூட்டத்தைச் சற்றுப் பொறுமையோடு நோக்குகிறவர்கள் ஒன்று காண்பார்கள். குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கிறது, மெய்தான். ஆனால் பிறந்து சில நாட்களே ஆன குட்டியாயின் தாய் ஒரு கையை அதன் முதுகிற் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மற்ற மூன்று கால்களால் நடக்கிறது. ஒரு மரத்தினின்று மற்றொரு மரத்துக்குத் தாவும்போது இடையிலுள்ள பள்ளத்தைக் கடப்பது தாயின் பலமேயன்றிக் குட்டியின் பலமன்று. நியாயம் வகுத்த ஆசாரியர்களைப் பார்க்கிலும் குரங்கு சற்று நுட்பமாகவே நடந்துகொள்கிறது என்னலாம்.

பற்றுதல் என்னும் இச்சொல்லைக் கொண்டே நமது தமிழ் வேதாகமத்தின் ஒரு நுட்பத்தை விளக்குவோம். ரோமர் 3:22-லும் கலாத்தியர் 2:16-லும் கிரேக்க மூலத்தில் உள்ளது இயேசு கிறிஸ்துவின் பிஸ்திஸ் என்று பொருள்படும் சொற்றொடர் மாத்திரமே. அவ்வேற்றுமை இருபொருள் படுவது. கிறிஸ்துவை நாம் நம்பும் நம்பிக்கை என்றும் கொள்ளலாம். கிறிஸ்து தாமே காட்டிய உண்மைத்தன்மை என்றும் கொள்ளலாம். ரிச்சர்டு ஹேஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1983-ம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குப்பின் இரண்டாவது பொருளை ஆதரிப்போர் மிகுந்தனர். 1871-ம் ஆண்டு ஹென்றி பவர் தலைமையிற் முற்றுப்பெற்று இன்றளவும் நம் சபைகளில் வாசிக்கப்பட்டுவரும் மொழிபெயர்ப்பு வழியில், அவ்விடங்களில் 'பற்றும்' என்னும் சொல் நடுவே நிற்கிறது. மூலத்தில் அப்படியொரு வினைச்சொல் இல்லை. மொழிபெயர்த்தோர் முதற்பொருளைத் தெரிந்துகொண்டு, தமிழன் காதுக்கு விளங்கும்படி அதைச் சேர்த்தனர். நாம் அதைக் குற்றமென்று கூறவில்லை, அழகிய சொல்லே. ஆனால் குரங்குக் குட்டியின் கைப்பிடி அவ்வாக்கியத்தில் நுழைந்தது தமிழில்தான் என்பதை மாணவர் அறிதல் நலம். குட்டியின் முதுகிலிருக்கும் தாயின் கை மற்றப் பொருளில் இருக்கிறது.

விசுவாசம் என்னும் சொல்லையும் ஈண்டு நோக்க வேண்டும். இக்காலத் தமிழில் அச்சொல்லைப் பெரும்பாலும் வேலைக்காரன் எஜமானனுக்குக் காட்டும் உண்மைக்கும், நாய் தன்னை வளர்த்தவனுக்குக் காட்டும் நன்றிக்கும் வழங்குகிறோம். கிறிஸ்தவரோ அதை நம்பிக்கை என்னும் பொருளில் ஆள்கின்றனர். இதனால் கிறிஸ்தவரல்லாத மாணவர் பிரசங்கம் கேட்கும்போது ஒன்றைக் கேட்டு வேறொன்றை உணர்கின்றனர். விந்தை யாதெனின், கிரேக்கச் சொல்லாகிய பிஸ்திஸ் இவ்விரு பொருளும் உடையது. 1995-ம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியத்தார் நம்பிக்கை என்னும் தமிழ்ச் சொல்லையே ஆண்டனர். அதிலும் ஒரு நயம் உண்டு. நம்பு என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் கூறும் பொருள் விருப்பம் என்பதே. ஆகவே உண்மையாயிருத்தல், நம்புதல், விரும்புதல் என்னும் மூன்றும் சேர்ந்தாலன்றிப் பவுல் கருதிய பொருள் நிரம்பாது. ஒரு செய்தியை மெய்யென்று தலையசைத்து ஒப்புக்கொள்வது மாத்திரம் அதுவன்று. அவ்விதமான ஒப்புதல் பிசாசுகளுக்கும் உண்டென்று யாக்கோபு 2:19 நகைத்துக் கூறுகிறது.

பவுலும் யாக்கோபும் முரண்படுகின்றனரோ என்பதை இப்போது பார்ப்போம். ரோமர் 3:28-ல் பவுல், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளின்றி விசுவாசத்தினால் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் முடிவைக் கூறுகிறார். யாக்கோபு 2:24-ல், விசுவாசத்தினால் மாத்திரமன்று, கிரியைகளாலும் என்னும் முடிவு கூறப்படுகிறது. வேதாகமத்தில் விசுவாசம் மாத்திரம் என்று பொருள்படும் சொற்றொடர் வருவது யாக்கோபிலுள்ள இவ்வொரு வசனத்திலேயே. அதுவும் மறுக்கப்படுவதற்காக வருகிறது. மார்ட்டின் லூத்தர் 1522-ம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தபோது, ரோமர் 3:28-ல் மூலத்திலில்லாத 'மாத்திரம்' என்னும் சொல்லைச் சேர்த்தார். எதிரிகள் கூச்சலிட்டனர். அவரோ 1530-ம் ஆண்டில் ஒரு கடிதம் வெளியிட்டு, ஜெர்மன் மொழியின் இயல்பு அச்சொல்லை வேண்டுகிறது என்று வாதாடினார். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அத்தொல்லை நேரவில்லை. நமது மொழியில் ஏகாரம் என்னும் இடைச்சொல் இருக்கிறது. விசுவாசத்தினாலேயே என்று எழுதிவிட்டார்கள். பிரிநிலையென்றும் கொள்ளலாம், தேற்றமென்றும் கொள்ளலாம். ஐரோப்பாவில் நூறு துண்டுப்பிரசுரங்களுக்குக் காரணமான ஒரு சொல் தமிழில் ஓரெழுத்தாக நுழைந்துவிட்டது. அதைக் குறித்து நம் சபைகளில் ஒருவரும் சண்டையிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. இலக்கணம் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்கும் மாணவர் இதைச் சற்று எண்ணுவார்களாக.

லூத்தர் அதே 1522-ம் ஆண்டு முகவுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார் என்பதும் யாவரும் அறிந்ததே. இவ்விஷயத்தில் நாம் லூத்தரைப் பின்பற்றுவதற்கில்லை. ஏனெனில் முரண் சொற்களில் இருக்கிறதேயன்றிப் பொருளில் இல்லை. இதனைத் துணிவதற்கு வழி, இருவரும் மேற்கோளாக எடுத்துக்கொண்ட ஆபிரகாமின் சரித்திரத்தை ஆதியாகமத்தில் வரிசையாக வாசிப்பதே. 15-ம் அதிகாரத்தில் ஆபிரகாம் விசுவாசிக்கிறான்; அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. 16-ம் அதிகாரத்தின் இறுதியில் இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு வயது 86. 17-ம் அதிகாரத்தில் விருத்தசேதனம் பெறும்போது வயது 99. ஈசாக்கைப் பலியிடப் புறப்படும் வரலாறு 22-ம் அதிகாரத்தில் வருகிறது. பவுல் நிற்கும் இடம் 15-க்கும் 17-க்கும் நடுவே. விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 ஆண்டுகளுக்கு முன்னரே அவன் நீதிமானென்று எண்ணப்பட்டானே, ஆகையால் விருத்தசேதனமில்லாத புறஜாதியானும் அவனுக்குப் பிள்ளையாகலாமே என்பது பவுலின் வாதம். யாக்கோபு நிற்கும் இடம் 22-ம் அதிகாரம். 15-ல் தோன்றிய விசுவாசம் உயிருள்ளதுதான் என்பது அங்கே வெளிப்பட்டது என்பது யாக்கோபின் வாதம். ஒருவர் விதை ஊன்றிய நாளைக் குறிக்கிறார். மற்றவர் காய்ப்புக் கண்ட நாளைக் குறிக்கிறார். ஏலச்செடி நட்டவர்களுக்கு இவ்விரண்டு நாட்களுக்கும் இடையே எத்தனை மழைக்காலம் வேண்டுமென்பது தெரியும்.

கிரியை என்னும் சொல்லும் இருவர் வாயிலும் ஒரு பொருளதன்று. யாக்கோபு கூறுவது வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரமும் பசித்தவனுக்கு ஆகாரமும் கொடுப்பதை. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது கருதுவது விருத்தசேதனம், போஜன ஆசாரம் முதலியவற்றை. இ. பி. ஸாண்டர்ஸ் 1977-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப்பின், யூத மார்க்கம் புண்ணியத்தைச் சேர்த்துக் கூலி கேட்கும் மார்க்கம் என்னும் பழைய அபிப்பிராயம் வலியிழந்தது. அவர்களும் கிருபையாலேயே உடன்படிக்கையினுள் வந்தோம் என்று நம்பினவர்களே. பவுல் எதிர்த்தது நற்செயலை அன்று. ஒரு ஜாதியாரின் அடையாளங்களைத் தேவனுடைய வீட்டுக்கு வாசற்படியாக வைத்ததையே.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம். விசுவாசத்தினாலே நீதிமானாதல் என்னும் உபதேசம் எங்கே பிறந்தது? பண்டிதரின் படிப்பறையிலன்று, ஒரு பந்தியிலே. கலாத்தியர் 2-ம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதிக் கிறிஸ்தவரோடு உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பயந்து, விலகி, வேறு பந்திக்குப் போனார். பர்னபாவும் அவ்வழியே இழுப்புண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். அந்த எதிர்ப்பின் பேச்சிலேதான் கலாத்தியர் 2:16 வருகிறது. அதைப் பந்தியினின்று பிரித்தெடுத்து, ஆத்துமாவின் அந்தரங்கத்துக்கு மாத்திரம் உரிய வாக்கியமாக்கி வாசிப்பது பாதி வாசிப்பே.

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு இது வேற்றூர்க் கதையன்று. 1706-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் லூத்தரன் மிஷன், விசுவாசத்தினாலே நீதிமானாதலை முதற்பாடமாகப் போதித்தது. 1715-ம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடும் அச்சேறி முடிந்தது. ஆயினும் ஆலயத்துள்ளே ஜாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்; திருவிருந்திலும் முன்பின் பார்த்தார்கள். 1833-ம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன், சபையில் ஜாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூர் முதலிய இடங்களில் பெருங் கலகம் உண்டாயிற்று. மதுரைச் சீமையில் 1834-ம் ஆண்டில் வேலை தொடங்கிய அமெரிக்கன் மிஷனாரும், ஜாதியை விட்டதற்கு அடையாளமாக ஒருமித்து உண்ணும் விருந்தைத் தம் ஊழியருக்கு ஒரு பரீட்சையாக வைத்தனர். உண்ண மறுத்தவர்கள் கூறிய நியாயம் கேட்கத்தக்கது. ஜாதி என்பது உலக வழக்கம். இரட்சிப்போ விசுவாசத்தினால் வருவது. உண்பதும் உடுப்பதும் அதற்குத் தடையோ? என்றார்கள். அதாவது, பந்தியை ஒன்றாக்குவதற்காகப் பவுல் கூறிய வாக்கியத்தைக் கொண்டே பந்தியைப் பிரித்துவைத்தார்கள். வேதவாக்கியம் ஒன்றை அது பிறந்த இடத்தினின்று பெயர்த்தெடுத்தால் அது தன் தாயையே குத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுவதில்லை. மிஷனாரும் குற்றமற்றவரென்று கூறோம். பரீட்சை வைக்கும் அதிகாரம் எப்போதும் ஒரு பக்கத்தாரிடமே இருந்தது. எனினும் இவ்வொரு விஷயத்தில் வேதத்தைச் சரியாக வாசித்தவர்கள் அவர்களே. கல்லறைத் தோட்டத்திலும் ஜாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் இன்னும் முற்றிலும் இல்லாமற் போகவில்லை.

மேனாட்டு வாதத்தைப்பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. திரெந்து மகாசங்கம் 1547-ம் ஆண்டில் லூத்தரனாரின் உபதேசத்தை மறுத்துத் தீர்ப்பெழுதிற்று. 452 ஆண்டுகளுக்குப்பின், 1999-ம் ஆண்டு அக்டோபர் 31-ம் நாள், ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் உலக லூத்தரன் சங்கத்தாரும் கூட்டறிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டு, இவ்வுபதேசத்தின் அடிப்படைகளில் தாங்கள் ஒருமனப்பட்டிருப்பதாக அறிவித்தனர். 2006-ல் மெதடிஸ்டுகளும், 2017-ல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதனோடு இசைந்தனர். நம் ஊர்ப் பங்குகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கூலியைப்பற்றிய வாக்கியம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். ரோமர் 4:4-ல் பவுல், வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையன்று, கடன் என்னும் கருத்தைக் கூறுகிறார். ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்த பழைய கங்காணி முறையில் இக்கணக்குத் தலைகீழாயிருந்தது. கங்காணி முன்பணம் கொடுப்பான். கூலியாள் மலையேறுமுன்னே கடனாளியாவான். பின் அவன் உழைத்தது அக்கடனுக்கே பற்றாகும். அப்படிப்பட்டவன் காதில் கிருபை என்பது மற்றொரு முன்பணம் போலவே விழும். இதற்கு எத்தனை வருஷம் உழைக்க வேண்டுமோ என்று அவன் நினைப்பான். ஆகவே மலைத்தோட்டங்களில் இவ்வதிகாரத்தை விளக்குகிற உபதேசியார், கிருபை முன்பணமன்று என்பதை முதலிற் கூறவேண்டும். பேரேட்டில் கடன் எழுதிவைத்துக்கொண்டு கொடுக்கிறவனைப் பவுல் அறிவிக்கவில்லை.

கம்பிவடத்தைப்பற்றிச் சொல்வதாக வாக்களித்தோம். மூணாற்றுத் தோட்டங்களின் தேயிலை, 1902-ம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் அமைந்த ஒற்றைத் தண்டவாளத்தினாலும், 1908-ம் ஆண்டு முதல் அதன் இடத்தில் ஓடிய சிறு இரயிலினாலும் டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வே எனப்பட்ட கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிக்கு அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்குப் போய்ச் சேரும். 1924-ம் ஆண்டின் பெருவெள்ளம் அச்சிறு இரயிலை அழித்துவிட்டது. பிரசங்கிகள் இத்தகைய வடத்தைக் காட்டி, பெட்டியைக் காப்பது பெட்டியின் பலமன்று, வடத்தின் பலமே. அவ்வாறே விசுவாசத்தின் பெருமை விசுவாசத்தில் இல்லை, விசுவாசிக்கப்படுகிறவரில் இருக்கிறது என்பர். சரியே. ஆனால் உவமை அவ்வளவில் நிற்க வேண்டும். தேயிலைப் பெட்டிக்கு மனமில்லை. அது வடத்தை நம்பவுமில்லை, கீழே இறங்கியபின் நன்றி பாராட்டவுமில்லை. உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தால், மனுஷரைப் பெட்டியாக்கிவிடுவோம்.

எல்லை கடந்து இழுத்தலின் தீங்கு 2018-ம் ஆண்டில் நமக்கு வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 11-ம் நாள், குரங்கணிக்கு மேலே கொழுக்குமலைப் பக்கத்துச் சரிவில் காட்டுத்தீ மூண்டு, இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் இளைஞரே மிகுதி. இத்தகைய வேளைகளில், எம்மதத்திலும், இது இன்ன பாவத்தின் பலன் என்று கூற ஒருவர் எழும்புவார். நாம் மீட்கப்பட்டவர்கள், ஆகையால் காக்கப்பட்டோம் என்று கூறும் கிறிஸ்தவரும் இல்லாமற் போகார். லூக்கா 13-ம் அதிகாரம் இவர்களுக்காகவே எழுதப்பட்டது போலும். பிலாத்து கொன்ற கலிலேயரைப்பற்றி ஜனங்கள் பேசியபோது, சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட 18 பேரையும் தாமே எடுத்துக்கூறி, அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பாவிகளென்று எண்ணுவதை ஆண்டவர் வெளிப்படையாக மறுத்தார். மனந்திரும்பும்படி அவர் கூறியது, கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கியே, இறந்தவர்களை நோக்கியன்று. இதைப் புரட்டி இறந்தவர் தலையில் வைப்பது வியாக்கியானமன்று, கொடுமை.

அன்று அலறல் கேட்டு முதலில் மேலேறியவர்களுள் குரங்கணி ஊராரும் மலைவாழ் மக்களும் இருந்தனர். தீ இன்னும் அணையாத சரிவில், இருட்டிலே, காயமுற்றோரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுட் பெரும்பாலோர் நமது மார்க்கத்தாரல்லர். இங்கேதான் வினாவின் இரண்டாங் கிளை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. நம்பாமல் நன்மை செய்தவன் மூழ்குவானோ?

இதற்கு நாம் கூறக்கூடியவை சிலவே. பவுலின் வாக்கியம், தன்னைக்குறித்து மேன்மைபாராட்டுகிறவனின் வாயை அடைப்பதற்காக எழுதப்பட்டது. ரோமர் 3:27 அதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிறனுடைய நன்மையைச் சிறிதாக்குவதற்கு அதை எடுப்பவன் அதை மேன்மைபாராட்டுதலுக்கே பயன்படுத்துகிறான். நியாயப்பிரமாணமில்லாத புறஜாதியார் இயல்பாகவே அதன்படி நடப்பதுண்டென்றும், அவர்களது மனச்சாட்சி கூடச் சாட்சியிடுமென்றும் அதே பவுல் ரோமர் 2-ம் அதிகாரத்தில் எழுதி, அந்தரங்கங்களின் தீர்ப்பைக் கிறிஸ்துவின் நாளுக்கு விட்டுவைக்கிறார். மத்தேயு 25-ம் அதிகாரத்தில் வலதுபக்கத்தார், தாங்கள் செய்தது ஆண்டவருக்கென்று அறியாமலே செய்தவர்கள். நல்ல சமாரியனின் விசுவாச அறிக்கை யாதென்று லூக்கா கூறவில்லை; அவன் எண்ணெய் வார்த்ததையும் பணம் கொடுத்ததையும் கூறுகிறார். இரட்சிப்பு கிறிஸ்துவாலேயன்றி இல்லை என்பது நமது அறிக்கை. அவர் எவ்வெவரைத் தாங்கியிருக்கிறார் என்று கணக்கெடுக்கும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. தாய்க்குரங்கின் கை குட்டியின் முதுகில் இருப்பது குட்டிக்குத் தெரியாமலும் இருக்கலாம். இவ்வளவே நாம் துணிந்து சொல்வது. இதற்குமேல் உறுதியாகப் பேசும் இருதிறத்தாரையும் நாம் நம்புவதில்லை.

முதற்கிளைக்கு வருவோம். நம்பிக்கொண்டே திருடலாமோ என்பது நமது வகுப்பு மாணவர் கண்டுபிடித்த ஆட்சேபமன்று. பவுல் உயிரோடிருக்கும்போதே அவரைக் கேட்டிருக்கிறார்கள். ரோமர் 6-ம் அதிகாரம் அதற்கு மறுமொழியாகவே தொடங்குகிறது. எபேசியர் 2-ம் அதிகாரத்தில், கிரியைகளினால் உண்டானதன்று என்று கூறிய மறுவசனத்திலேயே, நற்கிரியைகளுக்கென்றே நாம் உண்டாக்கப்பட்டோம் என்ற கருத்து வருகிறது. முந்தின வசனத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் 10-ம் வசனத்தையும் சேர்த்துப் படிப்பார்களாக. திருடனைப்பற்றி அதே நிருபத்தின் 4:28 சொல்வது மிகத் தெளிவு. அவன் இனித் திருடாமலிருந்தால் மாத்திரம் போதாது. கையால் வேலை செய்ய வேண்டும். செய்து, இல்லாதவனுக்குக் கொடுக்கவும் வேண்டும்.

இனி ராகாபைப்பற்றி ஒரு வார்த்தை. ஆபிரகாமுக்கு அடுத்தபடியாக யாக்கோபு எடுத்துக்கொள்ளும் சாட்சி அவளே. யோசுவா 2-ம் அதிகாரத்தின்படி அவள் எரிகோவின் அலங்கத்தில் வீடு உடையவள், கானானியப் பெண், வேசி. இஸ்ரவேலின் தேவன் செய்தவற்றை அவள் காதால் கேட்டிருந்தாள். வேதம் படித்தவளல்லள், விருத்தசேதனக்காரர் பந்தியில் இடம் பெற்றவளுமல்லள். வேவுகாரரைத் தன் வீட்டு மேல்மாடியில் சணல் தட்டைகளுக்குள் மறைத்து, ஜன்னல் வழியே கயிற்றினால் இறக்கி அனுப்பினாள். யாக்கோபு 2:25 இதைக் கிரியை என்று எழுதுகிறது. எபிரெயர் 11:31 இதையே விசுவாசம் என்று எழுதுகிறது. மத்தேயு 1:5-ல் அவள் பெயர் கர்த்தருடைய வம்ச அட்டவணையில், சல்மோனின் மனைவியாக, போவாசின் தாயாக வருகிறது.